மோத்தா வீட்டுச் சுவர்

"ஏழு வருசம் ஆச்சு மாஸ்டர். உங்க குடும்பத்துப் பிடியை மட்டும் கண்ணுல காட்ட மாட்டேங்குதீங்க."

இசக்கிராஜ் நொண்டிக்கொண்டே வந்து கேட்டான். ரெஜினா மோத்தா பயிற்சிக்கூடத்து விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் ஜுஜிட்ஸு என்கிற பிடிச்சண்டை என்றால் மோத்தா குடும்பம்தான். அவளுடைய அப்பா கப்பல் வேலைக்குப் போன இடத்தில் கற்றுக்கொண்டு வந்தார். அண்ணன் ஜெஸ்வின் அதைக் கூண்டுச் சண்டைக்குக் கொண்டுபோனார். இன்று கூண்டுக்குள் யார் யாரைக் கவிழ்த்தாலும் மைக் பிடிப்பவர், "மோத்தா பிடி!" என்றுதான் தொண்டை கிழியக் கத்துவார்.

அந்தப் பேர்பெற்ற பிடியைத் தனக்கு மட்டும் ஒளிக்கிறார்கள் என்பதுதான் இசக்கிராஜுக்கு வயிற்றெரிச்சல். போன சனிக்கிழமை மேலப்பாளையம் சாகுல் இரண்டே நிமிடத்தில் அவன் காலைப் பூட்டிவிட்டான். இவன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். இன்னொரு தோல்வி வந்தால் போட்டி நடத்துகிறவர்கள் பேரை நீக்கிவிடுவார்கள். அடுத்த மாதம் கடைசி வாய்ப்பு.

"சொந்தத்துக்குள்ளதான் சொல்லிக் குடுப்பீங்க. நான் யாரு?"

ரெஜினா துணியைப் பிழிந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா. காட்டுதேன்."

ஞாயிறன்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு பவுடர் பூசியிருக்க மாட்டான்.

வாசலிலேயே சீலா மீன் குழம்பு மணத்தது. உள்ளே எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாப்பாட்டு மேசையில் சாகுல் உட்கார்ந்திருந்தான். மூன்று முறை சாம்பியனான ஜெஸ்வின் அவனுக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டு நொண்டுதது நானு. இவனுக்கு விருந்தா?"

"நம்ம பய ஒருத்தனைக் கவுத்திருக்காருல்லா. விருந்து வைக்காண்டாமா?" என்றாள் ரெஜினா.

நம்ம பய. கோபத்திலும் அந்த வார்த்தை காதில் விழுந்தது. எதிர்ச் சுவர் முழுக்கப் பென்சில் எழுத்து இருந்தது.

'மரியான், ஐஸ் கம்பெனி. அப்பாவை, கழுத்தில்.'

'கொச்சி வறீது. ஜெஸ்வினை, தோளில். இரண்டு தடவை.'

படிக்கப் படிக்க அவனுக்கு எல்லாம் தெரிந்த பிடிகளாக இருந்தன. ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற பிடிகள்.

"இதெல்லாம் மோத்தா பிடி இல்லையா?"

"ஊரு அப்படிச் சொல்லுது," என்று சிரித்தார் ஜெஸ்வின். "பிடியெல்லாம் எங்களைக் கவுத்தவங்ககிட்டக் கத்துக்கிட்டது. வாங்கின அடி மட்டும்தான் எங்களோடது."

சாப்பாடு முடிந்ததும் ரெஜினா கூடத்தில் விரிப்பைப் போட்டுப் படுத்துக் காலை நீட்டினாள்.

"சனிக்கிழமை போட்டீங்கள்லா, அதை எனக்குப் போடுங்க."

சாகுல் கூச்சத்தோடு குனிந்தான். மறுநொடி ரெஜினா படபடவென்று தரையைத் தட்டினாள். தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட, காலை விட்டுட்டு இடுப்பையில்ல திருப்புதீங்க! அண்ணே, நீ வா."

ஜெஸ்வினும் தட்டினார். நாற்காலியிலிருந்த எண்பது வயது அப்பா, "எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு!" என்று சத்தம் போட்டார். அவரைப் பிடித்து உட்காரவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ரெஜினா எழுந்து சுவரில் எழுதினாள். 'சாகுல், மேலப்பாளையம்.'

பென்சிலை இசக்கிராஜிடம் நீட்டினாள்.

"யாரை, எங்கேன்னு நீயே எழுது."

அவனுக்கு முகம் சிவந்தது. பென்சிலை வாங்கினான். பிறகு எழுதினான்.

'இசக்கியை, காலில்.'

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தான். ஏனோ சிரிப்பு வந்தது. இஸ்திரி கசங்க விரிப்பில் உட்கார்ந்தான். வீங்கிய காலை மடக்கிக்கொண்டு, நல்ல காலைச் சாகுலிடம் நீட்டினான்.

"அண்ணே, இந்தக் கால்ல போடுங்க. மெதுவா."