போக மறுத்த மெயில்

கோவையில் ரூட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் மென்பொருளைச் சோதிப்பது செண்பகவல்லியின் வேலை. ஏடாகூடமான ஒரே ஒரு தகவல் வந்தாலே புது ரூட்டர் ஸ்தம்பித்துவிடும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். முதலாளி தில்லைநாயகம் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ரூட்டரை வாங்க ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "இதை யாராலும் அசைக்க முடியாது," என்று மார்தட்டினார் தில்லைநாயகம். நோயாளிகளை நினைத்ததும் செண்பகவல்லி முன்னால் வந்தாள்.

"நான் நிறுத்திருவேனுங்க சார்."

"தொடாம நிறுத்திக் காட்டு! முடியலேன்னா இப்பவே வேலை போச்சு."

அவள் தன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டி, அந்த ஏடாகூடமான தகவலை ரூட்டருக்கு அனுப்பினாள். ரூட்டரின் பச்சை விளக்குகள் அப்படியே எரிந்தன. தில்லைநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரிங்க சார். வேலையை விட்டு நீக்கினதா இந்த ரூட்டர் வழியாவே ஒரு மெயில் அனுப்புங்க. வந்ததும் கெளம்பிடறேனுங்க," என்றாள் பணிவாக.

அவர் படபடவென்று தட்டி அனுப்பினார். போகவில்லை. மறுபடி அனுப்பினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னும் வரலீங்களே சார்," என்றாள் செண்பகவல்லி. "அதுவரைக்கும் நான் இங்கதானுங்க வேலையில இருக்கேன். மென்பொருள்ல இருக்கற அந்த ஓட்டையை அடைச்சிரட்டுங்களா?"

ஆஸ்பத்திரிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "அடைம்மா," என்றார் தில்லைநாயகம், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.