ஏழு நார்த்தங்காய்

"சாமி, என்கிட்ட யாருமே தங்க மாட்டேங்குறாங்க" என்றார் தணிகாசலம்.

குரு நிமிரவில்லை. மடத்துப் படியில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குருவுக்கு முப்பத்தைந்து வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. அதில் இருவருக்குமே கூச்சமில்லை.

தணிகாசலம் கல்கத்தா கால்பந்து கிளப் ஒன்றில் பதினோரு வருடம் கோல்கீப்பர். முழங்கால் போனதும் ஊர் திரும்பி டைல்ஸ் கடை வைத்தார். ஒன்று மூன்றானது. மூன்றின் சாவியும் அவர் இடுப்பில்தான். முதல் கடையைத் திறந்துவிட்டு அவர் வந்து சேரும்வரை மற்ற இரண்டு கடை ஆட்களும் தெருவில் நின்று டீ குடிப்பார்கள்.

"மச்சான் போயிட்டான். மேனேஜர் போயிட்டார். இப்போ என் மக நித்திலாவும் போறா. ஒரு கடைய என்கிட்ட விடுங்கப்பா, சாவியக் குடுங்கன்னு கேக்குறா. இல்லன்னா ஓசூர்ல வேலைக்குச் சேர்ந்துடுவாளாம். இன்னிக்கு ஒரே ஒரு தடவ போன் பண்ணிக் கேப்பாளாம். அதோட சரியாம்."

"குடுக்கலாமே."

"அவ கெடுத்துட்டான்னா?"

குரு இன்னொரு காயை நறுக்கினார்.

"சம்சாரம் தவறிட்டா, மக தனியா ரூம் எடுத்துட்டா. வீட்ல நானும் டிவியும்தான். மேட்ச்ல ஒரு நல்ல கோல் விழுந்தா, பாத்தியான்னு கேக்க ஆளில்ல சாமி."

அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே அவருக்குப் பயமாக இருந்தது.

குரு சட்டென்று ஒரு நார்த்தங்காயை அவர் பக்கம் வீசினார்.

கை தானாகப் போய்ப் பிடித்தது.

இன்னொன்று வந்தது. அதையும் பிடித்தார். மூன்றாவதை மார்போடு அணைத்தார். பிறகு வந்ததையெல்லாம் முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டார். ஏழாவதைப் பிடித்தபோது மூச்சு வாங்கியது. ஆனாலும் பல வருடம் கழித்து முகத்தில் ஒரு சிரிப்பு.

"ஒண்ணுகூட விடல, பாத்தீங்களா!"

சட்டைப் பையில் போன் அடித்தது. மகளுக்கென்று தனியாக வைத்திருந்த மணி.

தணிகாசலம் நெளிந்தார். தோளைச் சாய்த்துப் பார்த்தார். பிடித்ததைக் கீழே விட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

மணி நின்றுவிட்டது.

"உங்க ஆட்டத்துல கீப்பர் பந்தை எவ்வளவு நேரம் கையில வச்சிருக்கலாம்?" என்று கேட்டார் குரு.

"எங்க காலத்துல ஆறு செகண்ட்."

"அதுக்கு மேல வச்சிருந்தா?"

"ஃபவுல் சாமி."

"ஏனாம்?"

"கீப்பரே வச்சிக்கிட்டிருந்தா மத்தவங்க எப்படி ஆடு..."

பாதியில் நின்றது பேச்சு.

ஏழு நார்த்தங்காயும் படியில் உருண்டோடின. குரு எழுந்து அவற்றைப் பொறுக்கப் போனார்.

தணிகாசலம் மகளை அழைத்தார். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"நித்திலா, சாவிய எங்க கொண்டாந்து தரட்டும்?"