முதலில் ஓடியவர் யார்?

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதநாட்டைக் கோளரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காதில் கடைசியாக விழுந்த பேச்சுதான் அவருக்கு வேதம்.

அவருடைய பொக்கிஷக்காரர் வீரகேசரிக்கு மந்திரி திருமேனியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். மந்திரியை முந்தி நல்ல பெயர் வாங்க, அரண்மனைப் பொன்னையெல்லாம் கொட்டி மூன்று ஊர்ச் சந்தைகளில் சரக்கு வாங்கிப் போட்டுவைத்தார்.

“துறைமுகத்தில் மிளகு, மலையூரில் பட்டு, ஆற்றூரில் சந்தனம். ஒன்றின் விலை விழுந்தாலும் மற்றவை தாங்கும், மகாராஜா!”

சாதாரண நாளில் தாங்கவும் தாங்கின. அப்புறம் கடல் கடந்த தேசங்களில் எல்லாம் கொள்ளைக்காய்ச்சல் என்று கப்பலில் செய்தி வந்தது. மருதநாட்டில் ஒருவருக்குத் தும்மல்கூட இல்லை. ஆனாலும் மூன்று சந்தைகளிலும் ஆளாளுக்குச் சரக்கை விற்றுத் தள்ள, விலை ஒன்றாகப் படுத்துவிட்டது.

ராஜா குதித்தார். வீரகேசரி தன் தலையைக் காப்பாற்ற, ஒருவனை விலங்கோடு சபைக்கு இழுத்துவந்து இன்னொரு தலையைக் காட்டினார்.

“முதலில் விற்றவன் இந்த மிளகு வியாபாரி சாத்தப்பன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கூட்டம்! மற்ற ஊர்க்காரர்களோடு ரகசியமாகச் சதி செய்திருக்கிறான். கழுவில் ஏற்றுங்கள்!”

“அப்படியே ஆகட்டும்!” என்றார் ராஜா.

“சாமி, பயந்துபோய் வித்தேன். அந்த ஊர்க்காரங்க மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்லை,” என்று அழுதான் சாத்தப்பன். பாவம், யார் கேட்கிறார்கள்?

மந்திரி எழுந்தார். “மகாராஜா, ஒரு விண்ணப்பம்...” என்றவர் லொக்கு லொக்கென்று இருமினார். “நேற்று அந்தக் கப்பல்காரர்களோடு சாப்பிட்டேன். அப்போதிருந்து உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.”

அவ்வளவுதான்! சபைக்கு இருந்தது ஒரே வாசல். ஜென்மப் பகையாளிகளான புலவரும் சேனாதிபதியும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். வீரகேசரியின் தலைப்பாகை மிதிபட்டது. உள்ளே மிஞ்சியவர்கள் மந்திரியும், காலில் விலங்கோடு சாத்தப்பனும்தான்.

மந்திரி வெளியே வந்து சிரித்தார். “எனக்கு ஒன்றுமில்லை. வீரகேசரி, எல்லாரும் ஒரே வாசலுக்கு ஓட எப்போது கூடிச் சதி செய்தீர்கள்?”

“சதியா? பயம் ஐயா! பயத்தில் யாரைக் கேட்டு ஓடுவது?”

“சந்தைகளும் அப்படித்தான். நல்ல நாளில் ஆளுக்கொரு திசை; பயம் வந்தால் எல்லாருக்கும் ஒரே வாசல். ஆனாலும் முதலில் விற்றவனுக்குக் கழு என்று நீங்களே சொன்னீர்களே. அப்படியானால் இங்கே முதலில் ஓடியவர் யார்?”

எல்லார் கண்ணும் தோட்டத்தின் கடைசி மாமரத்துக்குப் போயிற்று. அதன் பின்னாலிருந்து கிரீடத்தைச் சரிசெய்தபடி வந்தார் மகாராஜா. முகம் சிவந்திருந்தது, அப்புறம் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். “சாத்தப்பனை அவிழ்த்துவிடுங்கள். கழுமரத்தை அடுப்புக்கு வெட்டுங்கள். வீரகேசரி, சபைக்கு இன்னும் இரண்டு வாசல் வேண்டும். கடப்பாரையை எடும்!”