ராசையனின் கழுத்து

தக்கலைக்குப் பக்கத்தில் தாணுலிங்கம் என்றொரு வர்ம ஆசான் இருந்தார். அவருடைய சீடர் வேலப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். மலைப்பாதையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். வளைவுக்கு வளைவு தலையைத் திருப்பித் திருப்பி, ஒருநாள் கழுத்து திரும்பவே மறுத்துவிட்டது.

ஆசான் அந்தக் கழுத்தை முறிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சூடாகத் தைலம் தடவினார். தோளில் இறுகிக் கிடந்த சதையைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்த்தினார். மூச்சு வெளியே போகும் நேரம் பார்த்துத் தலையை மெல்லத் திருப்பினார். சில வாரங்களில் வேலப்பன் இரண்டு பக்கமும் பார்த்தார். மறுபடி வண்டி ஏற மனம் வரவில்லை. ஆசானிடமே தங்கிவிட்டார்.

இடுப்புக்கும் முட்டுக்கும் தோளுக்கும் வைத்தியம் பழகிக்கொண்டார். கழுத்தைத் தொட மட்டும் ஆசான் விடவில்லை. ஏன் என்று கேட்டபோது அவர் சொன்னார்:

"எந்தக் கழுத்தைத் தொடக்கூடாதுன்னு முதல்ல தெரியட்டும் அண்ணே."

ஓணத்துக்கு முந்தின மழையில் ராசையன் வந்தான். சந்தையில் வாழைக்குலைகளைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுகிறவன். கழுத்துவலி வெகுநாளாக உண்டு என்றான். இப்போது கையெல்லாம் எரிகிறது, பிடித்த குலை தானாக நழுவுகிறது என்றான். ஒரு நெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவனே சொன்னான்.

ஆசான் அவன் கழுத்தைத் தொடவில்லை. சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். விரல்கள் வெகுநேரம் துழாவின. பொத்தான் துளைக்குள் போகவில்லை. பிறகு ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். ராசையன் குடித்தவனைப் போலத் தள்ளாடிச் சுவரைப் பிடித்தான். அவன் குடித்திருக்கவில்லை.

"இது சதைப்பிடிப்பு இல்ல ராசையா. கழுத்தெலும்புக்குள்ள தண்டுவடம் நெரியுது. இதைத் திருப்பினா கையும் காலும் போயிடும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

ராசையன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைப்பார்கள் என்று பயந்தான். ஓணச் சந்தை கழியட்டும், அதுவரை தாங்குகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினான். ஆசான் சொன்னதையே மறுபடியும் சொன்னார். அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான்.

வேலப்பன் வாசலில் நின்று பார்த்தார். எதிரே இருந்த நிறுத்தத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் வந்து நின்று கிளம்பியது. ராசையன் ஏறாமல் அங்கேயே நின்றான். உள்ளே கால் சுளுக்கோடு ஒருவர் காத்திருந்தார். வேலப்பன் உள்ளே போய்விட்டார். தொடக்கூடாத கழுத்து எது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதில் அவருக்கு நிறைவாகக்கூட இருந்தது.

ஓணத்துக்கு முன்பே செய்தி வந்தது. ராசையன் சலூனில் சவரம் செய்துகொண்டு, கழுத்தில் நெட்டி எடுத்துவிடச் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் எல்லோருக்கும் செய்வதைத்தான் செய்தார். சத்தம் கேட்டது. ராசையன் நாற்காலியிலிருந்து எழவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

ஊர் சொன்னதையே வேலப்பனும் சொன்னார்.

"நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. அவன் கேக்கல. நம்ம பேர்ல பிழை இல்ல ஆசானே."



ராசையனை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் ஆசான் அங்கே போனார். அதன்பின் தினமும் காலையில் போனார். வேலப்பனும் கூடப் போனார். ஒற்றை அறை வீடு. சுவரில் ஈரம் ஊறியிருந்தது. ராசையனின் மனைவி செல்வபாய் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் முகத்தில் உட்காரும் ஈயை ஓட்டிக்கொண்டிருப்பாள். மூவருமாக அவனைப் புரட்டிப் படுக்கவைப்பார்கள். ஆசான் முதுகைத் துடைத்து, எங்கேயாவது புண் தொடங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுவார். ராசையன் கூரையைப் பார்த்தபடி கிடப்பான்.

ஆசான் திரும்பி வர வெயில் ஏறிவிடும். காத்திருந்து சலித்த நோயாளிகள் வேறு இடம் தேடிப் போகத் தொடங்கினார்கள். கார்த்திகை வந்தது. மார்கழியும் போனது.

ஒருநாள் திரும்பும் வழியில் வேலப்பனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த விரல் இனி அசையுமா ஆசானே?"

"அசையாது."

"வலியாவது குறையுமா?"

"நாம தொடுறதே அவனுக்குத் தெரியாது."

"அப்போ நாம செய்யறது என்ன வைத்தியம்?"



"வைத்தியம் இல்ல அண்ணே. அன்னைக்கு நாம அவனுக்கு வழி சொன்னோம். கூடப் போகல."