மலையிறக்கத்தில் ஒரு ஜீப்

மலையில் பனி இறங்கியிருந்த காலை. மரங்கள் வேரில்லாமல் மிதப்பதுபோல் நின்றன. உமாபதி ஆசிரமத்துக்கு நடந்தே ஏறி வந்தார்.

வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்று தருவது அவர் வேலை. தன்னைவிட வயதில் இளையவரான பூரணி அம்மையைக் குருவாக ஏற்று வெகுகாலம் ஆகிறது. அன்று அம்மையின் முன் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அவர் சோதித்து அனுப்பிய வேன் ஒன்று மறுவாரமே பள்ளத்தில் உருண்டது. ஒரு தாயும் மகளும் போய்விட்டார்கள். பிரேக், டயர், விளக்கு எல்லாம் சரியாகவே இருந்தன. டிரைவர்தான் கண் அசந்துவிட்டார். உமாபதியை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"எல்லாம் சரியா இருந்தும் உயிர் போச்சு. அப்புறம் நான் பார்த்து என்ன பிரயோஜனம், அம்மா? வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

அம்மை எழுந்தார். கீழே ஊர்வரை போக வேண்டியிருக்கிறது, ஆசிரமத்து ஜீப்பை ஓட்டி வர முடியுமா என்று கேட்டார்.

உமாபதி சாவியை வாங்கினார். உடனே ஏறவில்லை, பழக்கம் விடுமா? ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிரேக் ஆயில் போகும் குழாய் கீறல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. இந்த வண்டியை இப்படியே இறக்கத்தில் விடக் கூடாது என்றார். அம்மை தலையசைத்துவிட்டுக் காத்திருந்தார். பக்கத்து எஸ்டேட் மெக்கானிக் வந்து குழாயை மாற்றி முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. பனி அப்போதும் விலகவில்லை.

இறங்கினார்கள். சாலை பாலில் கரைந்து கிடந்தது. ஜீப் ஊர்ந்தது.

"பிரேக்கைத்தான் சரி பண்ணியாச்சே. ஏன் இவ்வளவு மெதுவா?" என்றார் அம்மை.

"பாதை தெரியலையே, அம்மா."

ஒரு வளைவில், பனிக்குள்ளிருந்து ஒருத்தி வந்தாள். தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் குழந்தை. உமாபதி பிரேக்கை மிதித்தார். ஜீப் அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் திகைத்து நின்றாள். குழந்தை விளக்கைப் பார்த்துச் சிரித்தது. பிறகு அவள் விறகைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

உமாபதி அம்மையின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பிரேக் காப்பாத்துச்சா, அம்மா? மெதுவா வந்தது காப்பாத்துச்சா?"

"அவ வீட்டுக்குப் போயிட்டிருக்கா," என்றார் அம்மை. "வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க."

உமாபதி கூப்பிடவில்லை. அவள் பனிக்குள் மறையும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் இல்லை.