கேமராவுக்கு வைத்த பொட்டு

"என் மூஞ்சி வேண்டாம் அம்மிணி. மூஞ்சி இல்லாம ஒரு வீடியோ எடுத்துக் குடுத்துரு."

மோகனப்பிரியா வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சாந்தாமணி கேட்டது இதைத்தான். இன்னும் ஒரு கால் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மோகனப்பிரியாவுக்கு இவளைவிட வயது ரொம்பக் குறைவு. ஆனால் ஈரோட்டில் பிரியாணிக் கடைக்காரரிலிருந்து பாட்டு வாத்தியார் வரைக்கும் அவளிடம்தான் வீடியோ எடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும், அதுவும் பாதிதான் வரும். அதனால் ஊர் வைத்த பேர் வீடியோ சாமியார்.

"எதுக்குங்கக்கா வீடியோ?" என்றாள் சாமியார்.

சாந்தாமணி பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து வைத்தாள். துணிப் புத்தகம். சின்னக் குழந்தைகளுக்கானது. கதையும் அவளுடையது, தையலும் அவளுடையது.

"குழந்தைங்க புத்தகச் சந்தையில கடை போடோணும்னா ஆறு மணிக்குள்ள ஒரு நிமிச வீடியோ அனுப்போணுமாம். இந்தத் தடவையும் இடம் கிடைக்கலீன்னா பனியன் கம்பெனி வேலைக்கே திரும்பிப் போயிடறேன்னு வீட்டுல வாக்குக் குடுத்துப்போட்டேன். இதோட கடைசி அம்மிணி."

"பேசுங்க."

போன் ஸ்டாண்டில் நின்றது. திரையில் அவள் முகம் அவளையே பார்த்தது.

"அனைவருக்கும் வணக்கம். எனது பெயர் சாந்தாமணி..."

கை தானாக எழுந்து வாயை மூடியது.

"கையை எடுங்கக்கா."

எடுத்தாள். "அனைவருக்கும் வணக்கம்..."

மறுபடியும் கை.

"அது பாட்டுக்குப் போகுது. நான் என்ன பண்ணட்டும்?"

போன வருஷம் அவளே ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஒருத்தன் எழுதினான்: 'பல்லை உள்ளே வைத்துவிட்டுப் பேசவும்.' எவனோ ஒரு வேலைவெட்டி இல்லாதவன். எழுதிவிட்டு அவன் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். இவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. வீடியோவை அழித்தாள். சந்தைக்கும் அனுப்பவில்லை. அன்றிலிருந்து அந்தக் கை வாய்க்குக் காவல்.

ஐந்தரை தாண்டியது. எடுத்தாள், அழித்தாள். எடுத்தாள், அழித்தாள். கழுத்தெல்லாம் வேர்வை.

"எனக்கு ஆகாது அம்மிணி. விட்டுரு."

மோகனப்பிரியா தன் நெற்றிப் பொட்டை எடுத்தாள். எழுந்துபோய்க் கேமராவின் கண்மேல் ஒட்டினாள்.

திரை இருண்டது.

"மூஞ்சி போச்சு. இப்பப் பேசுங்க."

"படமே தெரியாதே?"

"நீங்க கேட்டது அதுதானுங்களே?"

வேறு வழியில்லை. சாந்தாமணி புத்தகத்தை மடியில் விரித்தாள். இருட்டைப் பார்த்து அனைவருக்கும் வணக்கம் சொல்ல அவளுக்கே சிரிப்பாக இருந்தது. அதை விட்டுவிட்டாள்.

"கண்ணு, இது கோழி. இதுக்கு மூணு குஞ்சு. ஒருத்தன் வெல்வெட்டு. ஒருத்தன் சாக்கு. இன்னொருத்தன் எங்க வீட்டுக்காரரு லுங்கி, அவருக்கு இன்னும் தெரியாது. அங்க பாரு, காக்கா வருது! குஞ்செல்லாம் ஓடி ஒளியுது. கோழி இறக்கையைத் தூக்கினா... அய்யய்யோ, ரெண்டுதான் இருக்குது! லுங்கிப்பயலக் காணோம்! எங்க போனான்? இதா, இங்க பாரு..."

நின்றுவிட்டாள்.

"அம்மிணி, இதைக் காட்டோணுமே."

சாமியார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வாயில சொன்னா கதையே கெட்டுப்போயிரும். அவன் இருக்கற எடத்தைக் கண்ணால பாக்கோணும். அப்பத்தான் குழந்தை சிரிக்கும்."

போன் மட்டும் பதிவு செய்துகொண்டே இருந்தது.

"இப்படிக் கல்லாட்டம் உக்காந்திருந்தா எப்படி? அங்க குழந்தை காத்துக்கிட்டு இருக்குதில்ல!"

ஒரு அதட்டல் போட்டுவிட்டு எட்டிப் பொட்டைப் பிய்த்தாள். எங்கே வைப்பதென்று யோசிக்கவில்லை, புறங்கையில் ஒட்டிக்கொண்டாள். ஒரு கையில் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் காக்காவைத் திருப்பினாள்.

"பாத்தியா! காக்கா முதுகு மேலயே ஏறி உக்காந்திருக்கறான் திருட்டுப்பய!"

வாய்விட்டுச் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள்.

மோகனப்பிரியா பதிவை நிறுத்தினாள். முன்னாலும் பின்னாலும் நறுக்கி ஒரு நிமிடமாக்கினாள். மணி ஆறு அடிக்கப் போகிறது. போனை அவளிடம் நீட்டினாள்.

"நீங்களே அனுப்புங்கக்கா."

சாந்தாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போனது.

"அய்யோ, சிரிச்சுப்போட்டனே. பல்லு தெரிஞ்சுதா?"

"தெரியலீங்கக்கா. நான் குஞ்சைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கை பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பி வந்து போனை வாங்கி, அனுப்பியது.