மோதிரம் வராத காலை

டொக், டொக். மூடுபனிக்குள் துடுப்பு வள்ளத்தில் இடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு ஒரு குரல்: "லாசரு! சங்கிலியை இறக்குடா!"

முயல்தீவுக் கோட்டையின் சங்கிலிக்காரன் லாசரு எண்ணெய்த் துணியைப் போட்டுவிட்டு எழுந்தான். தீவுக்கும் கரைக்கும் நடுவே, துறைமுகத்தின் வாயை அடைத்துக் கிடந்தது அந்த இரும்புச் சங்கிலி. அதற்குச் சுறா எண்ணெய் பூசுவதும், ராட்டினம் சுற்றி ஏற்றி இறக்குவதும் அவன் வேலை. கடல் ஏறிய நேரத்தில் சங்கிலியின் நடுப்பகுதி ஒரு சாண் தண்ணீருக்குள் போய்விடும். அப்போதுதான் அவன் மனைவி மொனிக்காள் தினமும் வள்ளத்தில் அதைத் தாண்டிக் கஞ்சி கொண்டுவருவாள். இன்றும் அப்படித்தான், சற்று முன்பு வந்திருந்தாள்.

குரல் கோட்டைத்தலைவர் திருமலையப்பருடையது. குதிரை தெரிந்த மனிதர், கடல் தெரியாதவர். எதிரிக் கப்பலுக்குச் சமாதானம் பேச நேற்றுப் போனபோது சொன்னார்: "என் மோதிரம் உன் கைக்கு வராமல் இறக்காதே. நானே கத்தினாலும் இறக்காதே. அப்போது என் கழுத்தில் கத்தி இருக்கும். மீறினால் உன் தலை போகும்."

"மோதிரம் எங்கய்யா?"

"பிடுங்கிட்டானுங்கடா! துரத்துறானுங்க!"

பனி கொஞ்சம் விலகியது. மூன்று பேர் இருந்த வள்ளம். அதன் பின்னால் எதிரிக் கப்பலின் பெரிய பாய்.

பீரங்கிக்காரர் மீராலெப்பை பதறினார். "இறக்கும்வே! சொன்ன வாயே மாத்திச் சொல்லுது, பெறகென்ன?"

லாசரு குழம்பினான். நேற்றுச் சொன்னவரும் அவர், இன்று கத்துகிறவரும் அவர். இதில் எந்தத் திருமலையப்பருக்கு அவன் வேலைக்காரன்? இறக்கினால் மறுபடி ஏற்ற நாற்பது சுற்று. அதற்குள் கப்பல் உள்ளே வந்துவிடும். கை ராட்டினத்தில் ஒட்டிக்கொண்டது.

மொனிக்காள் சட்டியை வைத்துவிட்டு மதில்மேல் ஏறினாள். "ஐயா, நடுவால வாங்க! மூணு பேரும் பின்னால நகருங்க. வள்ளத்து மூக்கு சங்கிலி மேல ஏறிட்டுதா? இப்ப முன்னால ஓடுங்க!"

வள்ளம் சங்கிலியில் வழுக்கி உள்ளே விழுந்தது. கப்பல் சங்கிலியில் முட்டிக்கொண்டு நின்றது. லெப்பையின் பீரங்கி அதைத் திரும்பிப் போகவைத்தது.

சொட்டச் சொட்ட ஏறிவந்த தலைவர், "என் பேச்சைக் கேட்டது யாரு, மீறினது யாரு?" என்றார். அவருக்கே விளங்கவில்லை.

இறக்கச் சொன்ன லெப்பை, அசையாமல் நின்ற லாசரு, வழி சொன்ன மொனிக்காள்: இவர்களில் யார் செய்தது சரி?

மொனிக்காள் செய்ததே சரி. தலைவர் இறக்காதே என்றது சங்கிலியை; தன்னை உள்ளே விடாதே என்று சொல்லவில்லை. கத்தியோடு வந்திருந்தாலும் ஒரு வள்ளம் கோட்டையைப் பிடிக்காது, கப்பல்தான் பிடிக்கும். லெப்பை தலைவரின் உயிரை மட்டும் பார்த்தார். லாசரு சங்கிலியைக் காத்தான், ஆனால் விசுவாசத்தாலா, திகைப்பாலா? தினம் கண்ட வழி அந்த நேரத்தில் ஏன் நினைவுக்கு வரவில்லை? "கஞ்சி ஆறுது" என்றாள் மொனிக்காள். அவன் துணியை எண்ணெயில் தோய்த்து, விட்ட வளையத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினான்.